காந்தம் ஒட்டுகிற சரக்கு

"ஒட்டலையே! பாருங்கம்மா, ஒட்டவே மாட்டேங்குது. இதைப் போய் முதல் தரம்னு சொல்றீங்களே!"

வந்தவர் கையில் ஒரு காந்தம். படகுச் சாமான் கடையின் மேசைமேல் கடைக்காரம்மாள் ஆசையாக எடுத்து வைத்திருந்த கொம்பில் அதை அழுத்திப் பார்த்தார். படகைக் கரையில் கட்டும்போது கயிற்றைச் சுற்றி இறுக்குகிற கொம்பு அது, அசல் எவர்சில்வர். காந்தம் வழுக்கிக்கொண்டு மேசையில் விழுந்தது.

அம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உப்புத் தண்ணீரிலேயே கிடந்தாலும் துருப்பிடிக்காத நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இருப்பது வெறும் இரும்பு. துடுப்பைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இந்த மகராசனோ அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்.

"சார், காந்தம் ஒட்டலைன்னாத்தான்..." என்று அவள் கணவர் வாயைத் திறந்தார்.

மேசைக்கு அடியில் அவர் கால்மேல் அவள் செருப்பு ஏறியது. திறந்த வாய் தானாக மூடிக்கொண்டது.

காரணம் இல்லாமல் மிதிப்பாளா? போன வருஷம் எவனோ ஒருவன் இனிக்க இனிக்கப் பேசி, பளபளவென்று ஒரு குவியல் சாமானை அவர் தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தான். கொம்பு, கொக்கி, கைப்பிடிக் கம்பி, மூடிக்கான கீல், அத்தனையும் முலாம் பூசிய இரும்பு. நாளைக் காலையில் அவளுடைய தம்பி கடையில் பங்கு சேர வருகிறான். அவன் சேர்ந்தால் கடை பிழைக்கும், இல்லாவிட்டால் பூட்டுத்தான். "நம்ம கடையில மட்டச் சரக்குன்னு ஒரு ஆணிகூடக் கிடையாதுடா தம்பி" என்று சூடம் அணைக்காத குறையாகச் சொல்லி வைத்திருக்கிறாள். அவன் லேசுப்பட்டவன் இல்லை, பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்ப்பான். அந்தக் குவியல் இன்றைக்கே ஒழிந்தாக வேண்டும்.

"ஒட்டுற மாதிரி வேணுமா சார்? அதை முதல்லயே சொல்லக்கூடாதா! அதெல்லாம் தனி ரகம். கண்ட ஆளுக்கும் எடுத்துக் காட்டுறதில்லை." கணவர் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உள்ளே இருக்கிற பெட்டியை எடுத்துட்டு வாங்க."

"எந்தப் பெட்டி?"

"நீங்க மூளையைக் கசக்கி வாங்கிப் போட்டீங்களே, அந்தப் பெட்டி!"

பெட்டி வந்தது. காந்தம் 'டக்'கென்று போய் ஒட்டியது. வந்தவர் முகத்தில் ஆயிரம் விளக்கு.

"இது சாமான்! இதை விட்டுட்டு என்னென்னமோ காட்டுறீங்களே."

ஒவ்வொன்றாகக் காந்தம் வைத்துப் பார்த்தார். ஒரு கீலில் மட்டும் ஒட்டவில்லை. எப்படியோ தப்பிப் பிறந்த நல்ல கீல். "சீ, இது வேணாம்" என்று ஒதுக்கித் தள்ளினார். கைப்பிடிக் கம்பிக்குப் பெரிய போல்ட்டும் வேண்டாமாம், சின்ன ஸ்குரூ போதுமாம்.

கணவருக்குப் பொறுக்கவில்லை. "சார், அலையடிக்கும்போது ஆள் பிடிக்கிற கம்பி அது. சின்ன ஸ்குரூ போட்டா கம்பி கையோட வந்துடும்."

"நீங்க கடையைப் பாருங்க சார். படகை நான் பாத்துக்கறேன்."

"அவர் கிடக்கார், நீங்க எடுங்க சார்" என்றாள் அம்மாள். "அவருக்கு மீனுக்கும் படகுக்குமே வித்தியாசம் தெரியாது."

அந்த ஒரு கீல் போக, குவியல் மொத்தமும் வண்டியில் ஏறியது. காலியான அலமாரியை அவள் புடவைத் தலைப்பாலேயே துடைத்தாள். பிள்ளை பெற்று எழுந்தவள் முகத்தில்கூட அப்படி ஒரு தெளிவு இருக்காது.

"பாவம்டி" என்றார் கணவர்.

"என்ன பாவம்? பால் குடிக்கிற பிள்ளையா அவரு? அவராக் கேட்டாரு, நான் கொடுத்தேன். தானாக வந்து விழுற ஆட்டை வேண்டாம்னு சொல்ல நான் என்ன சாமியாரா?"

அவருக்கு மனசு ஆறவில்லை. விறுவிறுவென்று வாசலுக்கு ஓடினார். போகிற மூதேவியை இந்த மனுஷன் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாரே என்று அவளும் பின்னாலேயே ஓடினாள்.

"சார், கொஞ்சம் நில்லுங்க. காந்தம் ஒட்டுறது எல்லாம் இரும்பு சார். ஒரே மழைக்காலத்துல துருப்பிடிச்சுப் போயிடும்."

வந்தவர் வண்டிக் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தார்.

"தெரியாமலா சார் காந்தத்தோட வந்தேன்? படகு ரிப்பேர் பட்டறை வச்சிருக்கேன். எல்லாத்தையும் எவர்சில்வர்ல மாட்டி விட்டா, படகு மறுபடியும் என் வாசலுக்கு எதுக்கு வரும்?"

இதைக் கேட்டதும் கடைக்காரம்மாளுக்கு நெஞ்சில் இருந்த ஒரு பொட்டு உறுத்தலும் பறந்து போயிற்று. தன்னைவிடப் பெரிய கையைப் பார்த்த சந்தோஷம்.

"பலே ஆளுதான் சார் நீங்க! படகோட சொந்தக்காரர் கண்டுபிடிக்க மாட்டாரா?"

"அவருக்கு எங்கம்மா நேரம்? நாளைக்கு ஏதோ கடையில பங்கு சேரப் போறாராம், அந்த நினைப்பிலேயே திரியறார். 'சாமான் எல்லாம் எங்க அக்கா கடையிலதான் வாங்கணும்'னு வேற கண்டிஷன் போட்டார். அது எந்தக் கடைன்னுகூட நான் கேட்டுக்கலை. கூடப்பிறந்த அக்கா, தம்பி படகுக்கு இந்தக் குப்பையைக் கொடுப்பாங்களா, நீங்களே சொல்லுங்க!"