தாலி எடுத்துக் கொடுத்தவர்

“ஐயா கால்ல விழுந்து கும்பிட்டுக்க, திவ்யா. ஜமீன் கையால திருநீறு வாங்குறது எல்லாருக்கும் கெடைக்காது” என்றார் பெண்ணின் அப்பா முத்துப்பாண்டி.

மணப்பெண் திவ்யா பட்டுப்புடவையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தேக்கு நாற்காலியில் சரிகைத் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்த பெரியவர், தட்டிலிருந்து திருநீறு எடுத்து அவள் நெற்றியில் பூசினார். முகத்தில் சிரிப்பும் இல்லை, சிடுசிடுப்பும் இல்லை.

திருவாதவூர் சாலையில் வயல்களுக்கு நடுவே நிற்கிற பழைய ஜமீன் பங்களா அது. ஒரு காலத்தில் சுற்றுப்பட்டு நிலம் முழுக்க அந்த வீட்டுக்குத்தான் சொந்தம். இப்போது மதுரைக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு பிடிக்கிற கல்யாண மண்டபம். கூடத்தில் உட்கார்ந்து மணமக்களை வாழ்த்தும் இந்தப் பெரியவருக்காகவே வருகிறவர்களும் உண்டு.

“சின்ன வயசுல நீங்க எந்த ரூம்ல இருந்தீங்க, தாத்தா?” திவ்யா ஆசையாகக் கேட்டாள்.

“பொழுதன்னைக்கும் மாட்டுக்கொட்டத்துலதான் தாயி கெடப்பேன்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பங்களா மேனேஜர் சிவபாண்டி அவசரமாகக் குறுக்கே வந்தான். “ஐயாவுக்கு மாடு கன்னுன்னா உசுரு. ரொம்பப் பேச மாட்டாரு. நீங்க போட்டோ எடுத்துக்கங்க.”

எடுத்தார்கள். கேமராவைப் பார்க்கச் சொன்னால் பெரியவர் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினார். இந்த ஆவணியில் இது ஐந்தாவது கல்யாணம். முதல் கல்யாணத்தன்று அந்த நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். இப்போது சாய்ந்தே உட்கார்கிறார்.

முகூர்த்தம் நெருங்கியதும் முத்துப்பாண்டி மறுபடி வந்து கைகூப்பினார். “ஒரு ஆசைங்கய்யா. தாலிய நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்.”

இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெரியவர் சிவபாண்டியைப் பார்த்தார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினான்.

பெரியவர் மேடையேறினார். தேங்காய் மேலிருந்த தாலியை எடுத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. மணமக்கள் மேல் விழுந்த அட்சதையில் பாதி அவர் மேலும் விழுந்தது. எல்லோரும் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். அவருக்கு உள்ளே ஒன்றும் அசையவில்லை.

“மொதப் பந்தியில நீங்கதான் உக்காரணும்” என்று முத்துப்பாண்டி அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனார். முற்றத்தைத் தாண்டும்போது ஒரு கல்தூணைத் தட்டிக் காட்டி நின்றார்.

“எங்க குடும்பத்துக்கும் இந்த வீட்டுக்கும் பழைய பந்தமுங்கய்யா. இப்ப நாங்க பரவையில லாரி ஓட்டிப் பொழைக்கிறோம். ஆனா எங்க தாத்தா இங்க காரியஸ்தரா இருந்தவரு. பேரு வீரணன்.”

பெரியவர் நின்றார். “தெரியும்.”

“ஞாபகம் இருக்காய்யா!” முத்துப்பாண்டிக்கு முகமெல்லாம் பூரிப்பு. “அம்புட்டுப் பயம் அவருன்னா. கருதுக்கட்டக் களவாண்ட கூலிக்காரன் ஒருத்தன, இந்தத் தூண்லதான் மூணு நாளு கட்டிப் போட்டாராம். பொட்டுத் தண்ணி குடுக்கலயாம். கட்டுன எடத்துலயே செத்துப் போனானாம். அதுக்கப்பறம் ஒரு பய நெல்லுல கை வைக்கலன்னு எங்க வீட்டுல இன்னைக்கும் பெருமையாச் சொல்லுவாங்க. நீங்க பாத்திருப்பீங்கல்ல?”

“பாத்தேன். எனக்கு ஏழு வயசு.”

பேச்சு நீள்வதைப் பார்த்த சிவபாண்டி ஓடி வந்தான். “ஐயா, நீங்க ரூமுக்கு வாங்க. சாப்பாடு அங்க கொண்டாந்துருவாங்க.”

பெரியவர் நகரவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. அழுகையாவது வரும் என்று பார்த்தார். அதுவும் வரவில்லை. பந்தியிலிருந்து சாம்பார் வாசனைதான் வந்தது.

காலையில் சிவபாண்டி கட்டிவிட்ட தலைப்பாகையைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தார். சரிகை அங்கவஸ்திரத்தையும் எடுத்து மடித்து அதன்மேல் வைத்தார். சிவபாண்டியின் முகம் வெளிறியது. முத்துப்பாண்டி ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெரியவர் நேரம் கேட்டால் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார்.

“எங்கப்பன் களவாங்கல, தம்பி.”