அம்மாவுக்கு வந்த நோய்

கண் மருத்துவர் விளக்கை அணைத்துவிட்டுத் தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"புரை இல்ல சார். விழித்திரைக்குப் பின்னால ஒரு கட்டி. இது கண்ணுல தொடங்குனதா தெரியல. உடம்புல வேற எங்கயோ இருந்து வந்து உக்காந்திருக்கு."

அவர் தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகு நாற்காலியில் படாமல் உட்கார்ந்திருந்தார். மனைவியும் மகளும் பக்கத்தில் இருந்தார்கள்.

"எங்கேருந்துன்னு தெரிஞ்சாத்தான் மருந்து. தேடிக்கிட்டே இருந்தா பார்வை போயிடும், அதோடயும் நிக்காது. முன்னாடி கட்டி, ஆபரேஷன் ஏதாவது?"

"இல்லை."

"சிகரெட்? பொம்பளைங்கன்னா மார்புலேருந்து வரும். ஆம்பளைங்கன்னா பெரும்பாலும் நுரையீரல்."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பாவா? அவருக்கு அணைக்கத்தான் தெரியும் டாக்டர், பத்தவைக்கத் தெரியாது. எங்க வீட்ல புத்துநோய் வந்தது அம்மாவுக்குத்தான். மார்புல. ஏழெட்டு வருஷம் இருக்கும்."

மனைவி மடியிலிருந்த கைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு விஷயம் வெளியே போவது அவருக்கு ஆகாது. அந்த வைத்தியமும்கூட வெளியூரில் சத்தமில்லாமல் முடிந்திருக்கும். ஆஸ்பத்திரி வாசலில் அவருடைய தங்கையின் கண்ணில் பட்டுத் தொலைத்தார்கள். அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டு சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் பழத்தோடு வந்தார்கள். ஆளாளுக்குப் பத்தியம் சொன்னார்கள். விசேஷ வீடுகளில் அவளை ஒரு பாத்திரம் தூக்க விட்டதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"இப்ப எப்படிம்மா இருக்கீங்க?" என்றாள் மருத்துவர், மரியாதைக்கு.

"நல்லாத்தான் இருக்கேன்."

"சரி. அப்ப சாருக்கு நுரையீரல்லேருந்து ஆரம்பிப்போம்." மருத்துவர் பேனாவை எடுத்தாள்.

மனைவி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவராகச் சொல்லாமல் அவள் சொல்ல மாட்டாள்; அது அவருக்குத் தெரியும்.

"நீ கொஞ்சம் வெளியே இரும்மா," என்றார் மகளிடம்.

"எதுக்குப்பா?"

மகள் எழுந்திருக்கவில்லை.

அவர் எழுந்து நின்றார். சட்டைப் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார். பனியனைத் தூக்கினார்.

இடது பக்கம் மார்புக்காம்பு இல்லை. அங்கே அக்குள் வரைக்கும் ஒரு பழைய தழும்பு ஓடியிருந்தது.

மகள் தழும்பைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.