கூண்டுக்குள் ஒரு கை

பசிக்கிற வாய் எந்த வார்த்தையையும் சொல்லிவிடும், மனித குலத்தின் மொத்தக் கல்வியும் இந்த ஒரே உண்மையின் மேல்தான் நிற்கிறது என்று, வாழ்க்கையில் முதன்முதலாகக் கிளி வாங்கிய இளம்பரிதி அறைத்தோழன் தாவூதிடம் அறிவித்தான். “கையில தினையை வெச்சுக் கூண்டுக்குள்ள நீட்டிட்டு அசையாம உக்காருங்க தம்பி, அதுவா வரும்” என்று கடைக்காரர் சொல்லியனுப்பியதை நினைத்து நினைத்துச் சிரித்தான். “நான் கிளி வாங்கப் போனேனா, மரமா நிக்கப் போனேனா?” தினைக் கிண்ணத்தைக் கூண்டுக்கு வெளியே வைத்து, ‘அண்ணா’ என்று சொன்னால்தான் சாப்பாடு என்றான். கிளி சொல்லவில்லை. மறுநாள் கிண்ணத்தை உள்ளேயே வைத்தும் அது திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. “செத்துரும்டா, பாவி” என்றான் தாவூத். இளம்பரிதி உள்ளங்கையில் தினையை அள்ளி, சின்னக் கதவு வழியாக முழங்கை வரை உள்ளே நுழைத்தான். மத்தியானத்துக்கு மேல்தான் கிளி தின்றது. தின்றுவிட்டு அவன் விரலில் ஏறி, ஒரு காலை மடக்கிக்கொண்டு தூங்கிவிட்டது. தோள் மரத்துப்போனது. விரலை லேசாக அசைத்தான், கிளி கண்ணைத் திறந்து நடுங்கியது. அதோடு விட்டுவிட்டான்.

“கையை எடுடா, சாப்பிட வா.”

“கத்தாதடா, முழிச்சுக்கும்.”

“இன்னும் எவ்வளவு நேரம்?”

“அதுக்குத்தான் தெரியும்.”

சாயங்காலம் தாவூத் பரோட்டாவைப் பிய்த்து, குருமாவில் தோய்த்து, அவன் வாய்க்கு அருகே கொண்டுவந்து நிறுத்தினான். “எங்க, அண்ணா சொல்லு.”

இளம்பரிதி பரோட்டாவைப் பார்த்தான். விரலைப் பார்த்தான். பிறகு, கிளி விழித்துவிடாத குரலில் சொன்னான்.