பூச்சி ஏறி வராத குழி

சாக்கடைக் குழியின் மூடியைத் திறந்து அரைமணி நேரமாகியும் ஒரு கரப்பான்பூச்சிகூட மேலே ஏறி வரவில்லை. உள்ளே விஷவாயு நிற்கிறது என்று சாக்கடை அள்ளும் எல்லையனுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நகராட்சி மேற்பார்வையாளர் ஞானசுந்தரமோ, கழிவுநீர் உறிஞ்சும் லாரியைக் குழியோரம் நிறுத்தி, இயந்திரத்தால் அள்ளியதாகக் கணக்குக் காட்டப் படம் எடுத்துக்கொண்டு திருப்பி அனுப்பிவிட்டார்.

"எறங்குடா, தெருவே நாறுது."

"பூச்சியே வரல சார். எறங்குனா பொணந்தான்."

"பூச்சி வந்து வெத்தலபாக்கு வச்சு அழைக்கணுமோ? நீ எறங்கலன்னா உன் மச்சான் எறங்குவான்."

கல்யாணமாகி மூன்று மாதமேயான மச்சான் சடையன் ஏற்கெனவே இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்.

எல்லையன் ஞானசுந்தரத்தின் பிடரியில் ஓங்கி அறைந்தான். அவர் குப்புற விழுந்ததும் இரண்டு கணுக்கால்களையும் பிடித்துத் தலைகீழாகக் குழிக்குள் தொங்கவிட்டான். விளிம்பில் மோதி அவருடைய பல் உடைந்தது.

"மோந்து பாருங்க சார்!"

உள்ளேயிருந்து முதலில் கெட்ட வார்த்தை வந்தது. பிறகு கெஞ்சல், பிறகு இருமல் மட்டும்.

"விட்ரு மாமா, செத்துருவாரு!" சடையன் அவன் தோளைப் பிடித்து இழுத்தான்.

கால்களின் உதறல் தளர்ந்துகொண்டே வந்தது. இப்போது இழுத்தால்கூட ஆள் பிழைத்துவிடுவார் என்று எல்லையனின் கைகளுக்குத் தெரிந்திருந்தது.