அதிராத ஸ்டாண்டு

ஆம்ப்ளிஃபயர் அதிர்ந்தால் சங்கீதம் கெடும் என்பதுதான் வரதராஜுலுவின் மதம். அதற்காக மாதக்கணக்கில் படம் வரைந்து, தேக்கு வாங்கி இழைத்து, ஒரு கருவியின் சூடு இன்னொன்றில் ஏறாதபடி படிப்படியாக ஐந்து தட்டு வைத்து ஒரு ஸ்டாண்டு செய்தார். இனி, நல்ல காது என்று பேரெடுத்த நண்பர் சேஷாசலம் வந்து கேட்டுத் தலையாட்ட வேண்டும். அவர் தலை ஆடவில்லை என்பதற்காக ஸ்பீக்கரையே விற்றவர்கள் உண்டு.

அவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், ஐந்து தட்டிலும் கொலு. ஆம்ப்ளிஃபயரின் இடத்தில் செட்டியார் பொம்மை, தொந்தியோடு.

“சுலோ, என்னடி இது?” என்று மனைவியைக் கூப்பிட்டார் வரதராஜுலு.

“ஒத்தைப்படையா, அழகா அஞ்சு படி. கொலுவுக்குத்தான் செய்யறீங்கன்னு தெரு முழுக்கச் சொல்லிட்டேன்.”

“எடு எல்லாத்தையும்!”

“வெச்ச கொலுவ விஜயதசமிக்கு முன்னாடி யாராவது எடுப்பாங்களா? உங்க பெட்டி அங்க பத்திரமா இருக்கு.”

மூலையில், கவிழ்த்த பித்தளை அண்டாவின் மேல் ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருந்தது. வரதராஜுலு கண்ணை மூடிக்கொண்டு பாட்டைப் போட்டார்.

சேஷாசலத்தின் தலை ஆடியது. ஆடிக்கொண்டே இருந்தது.

“அடடா, மிருதங்கம் பேசுதே வரதா!” என்றவர், எழுந்து போய் அண்டாவைத் தட்டிப் பார்த்தார். “ஏம்மா, இதே மாதிரி இன்னொண்ணு கிடைக்குமா?”

“பரண்ல இருக்குண்ணா, கழுவித் தரேன். சுண்டல் எடுத்துக்குங்க.”

வரதராஜுலு தன் ஸ்டாண்டைப் பார்த்தார். செட்டியார் துளிகூட அதிராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.