கூப்பிடு தூரம்

குழந்தை அழக்கூடாது.

இன்று ஒரு நாள் மட்டுமாவது அழக்கூடாது.

விடியும்போதே கசகசாவை அரைத்து அதன் நாக்கில் தடவியிருந்தாள். வயிறு முட்டப் பால் கொடுத்திருந்தாள். இப்போது அது துணித் தூளியில் வாய் பிளந்து தூங்கியது. வீட்டில் விட்டுவரலாம் என்றால் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. வேலைக்கு வரமாட்டேன் என்றால் ஆள் மேல் ஆள் அனுப்புவார்கள்.

மலை உச்சியில் கூட்டம் கூடியிருந்தது. எதிர் மலையில் மன்னர்.

இரண்டு மலைக்கும் நடுவே கூப்பிடு தூரம்தான். இறங்கி ஏறினால் இரண்டு நாள்.

முதலில் பாலம் கட்டிப் பார்த்தார்கள். பதினொரு பேர் பள்ளத்தில் போனார்கள். அவள் புருஷன் ஒன்பதாவது.

பிறகுதான் தச்சர் ஆதனுக்கு அந்த யோசனை வந்தது. சிறகுள்ள யாளியின் மார்பில் பல்லக்கைக் கட்டித் தொங்கவிட்டால் இருபது பேரைச் சுமக்கும். ஆனால் அது சாட்டைக்குப் பறக்காது. தீனிக்கும் பறக்காது. குட்டி போட்ட யாளியாகப் பார்த்துப் பிடித்தால்? குட்டியை எதிர் மலையில் வைத்து அழவிட்டால்?

பறந்தது. அப்படிப் பறந்தது.

என்ன மூளை! ஊரே அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது.

குட்டியை அழவைக்க ஓர் ஆள் வேண்டுமே. புருஷனை இழந்தவள், பாவம், பிழைத்துப் போகட்டும் என்று அந்த வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். கையில் ஒரு கருவேல முள். குத்த வேண்டிய இடத்தையும் ஆதனே காட்டிக்கொடுத்தார். வலது பின்னங்காலின் உள்ளங்கால். தாய் வந்து முதுகை நக்கும், காதை நக்கும், பாதத்தைப் புரட்டிப் பார்க்காது.

காலையில் இந்த மலையில் ஒரு குத்து. மாலையில் குட்டியும் அவளும், ஓர் ஆளுக்கு மேல் தாங்காத கயிற்றுக்கூடையில் அக்கரைக்குப் போய், அங்கே ஒரு குத்து.

குத்திவிட்டு மஞ்சள் வைப்பாள். ஒன்றுமில்லை கண்ணு, ஒன்றுமில்லை என்று தடவிக்கொடுப்பாள். வெட்கங்கெட்ட கை.

மூன்றாம் மாதம் அவளைக் கண்டதுமே குட்டி அழ ஆரம்பித்தது. ஆட்கள் ஏறுவதற்கு முன்பே யாளி கிளம்பிவிட்டது. அன்றிலிருந்து அவளை முகத்தை மூடிக்கொண்டு வரச் சொன்னார்கள். மணி அடித்த பிறகுதான் குத்து.

கால் சீழ் பிடித்து, நான்கு நாளைக்கு முன் குட்டி செத்துப்போனது.

ஆதன் அசரவில்லை. தோலை உரித்து வைக்கோல் அடைத்தார். தொண்டைக்குள் ஒரு குழலைச் செருகினார். ஊதினால் குட்டியின் குரல் அச்சு அசலாக வந்தது. நேற்றுக் காலை யாளி அதை நம்பித்தான் பறந்து வந்தது. தோலை ஒரு முறை நக்கியது. பிறகு நக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தூளியில் குழந்தை சிணுங்கியது.

யாளி திரும்பிப் பார்த்தது. அதன் மடியிலிருந்து பால் சொட்டியது.

அதை அவள் ஒருத்திதான் பார்த்தாள்.

மாலையில் அக்கரையில் குழலை ஊதி ஊதி, எப்படியோ யாளியை அங்கே வரவழைத்துவிட்டார்கள். அவளுக்குத்தான் அதன் பிறகு சோறு இறங்கவில்லை. இன்று வரும் வழியில் முள்ளைப் பள்ளத்தில் வீசினாள்.

மன்னர் பல்லக்கில் ஏறி உட்கார்ந்தாயிற்று. தனக்குப் பிடித்துப்போனால் ஏழு மலைக்கும் இதே ஏற்பாடுதான் என்று சொல்லியிருந்தார்.

மணி அடித்தது. ஆதன் குழலை ஊதினார்.

எதிர் மலையில் யாளி படுத்தே கிடந்தது.

மறுபடி ஊதினார். அதன் காதுகூட அசையவில்லை.

அவள் முகத்துணிக்குள் வேண்டிக்கொண்டாள். எழுந்திருக்காதே தாயே. உனக்குத்தான் தெரிந்துவிட்டதே, எழுந்திருக்காதே.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஆதனுக்கு வேர்த்துக் கொட்டியது. கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க, மூச்சு உள்ள மட்டும் ஊதினார்.

அந்தச் சத்தத்தில் தூளி அசைந்தது.

பாய்ந்துபோய்க் குழந்தையை எடுத்தாள். வாயில் முலையைத் திணித்தாள். அது தலையைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது. கையால் பொத்தினாள். மூச்சு முட்டுமோ என்று பயந்து விரலைத் தளர்த்தினாள். மறுபடி பொத்தினாள்.

ஒரே ஓர் அழுகைதான் வெளியே போனது.

எதிர் மலையில் யாளி எழுந்து நின்றது.

மன்னர் பத்திரமாக வந்து இறங்கினார். மேளம் முழங்கியது. ஆதன் கழுத்தில் மாலை விழுந்தது. யாளி வைக்கோல் குட்டியைத் தாண்டி நடந்தது. அவளுக்கு எதிரே வந்து நின்று, அவள் கையிலிருந்த குழந்தையின் தலையை நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது. அதன் மடியிலிருந்து பால் சொட்டியது.

இந்த முறை எல்லாரும் பார்த்தார்கள்.

ஆதன் மாலையைக் கழற்றாமலே அவளிடம் வந்தார். இத்தனை நாளில் முதன்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

“பாப்பாவுக்கு எத்தன மாசம்மா?”

அவள் முள் தொலைந்துபோய்விட்டது என்று மட்டும் சொன்னாள்.

அவர் குழந்தையின் வலது பாதத்தைப் பிடித்து மெதுவாகப் புரட்டினார். கட்டைவிரலால் உள்ளங்காலை வருடிப் பார்த்தார். குழந்தை கூச்சம் தாங்காமல் சிரித்தது.

“அதனால என்ன,” என்றார். “வேலியில நெறயக் கெடக்கு.”