என் முறை உங்களுக்கு

மகன் தாரியோவின் முதுகெல்லாம் கொப்புளம். மச்சாலா நகரச் சுகாதார நிலையத்தில் யதீரா அவனோடு காத்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர் விடாமல் இருமினார். அவர் கையிலும் அதே கொப்புளம்.

"அண்ணே, உங்களுக்கும் வாழைத்தோட்டத்து வேலையா?"

"ஆமாம்மா. பதினாலு வருஷமா."

"வாழைக்கு அடிக்கிற பூஞ்சாண மருந்தைப் பள்ளிக்கூடத்து மேலேயே கொட்டிட்டுப் போறான் அந்த விமானக்காரன். அவன் கை அழுகிப் போகணும்!"

அவர் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். இருமல் இன்னும் வலுத்தது. யதீராவுக்கு மனசு கேட்கவில்லை.

"என் முறைக்கு நீங்க போங்கண்ணே."

அவர் தயங்கித் தயங்கி உள்ளே போனார். திறந்திருந்த கதவு வழியாக டாக்டரின் குரல் கேட்டது.

"இனிமே விமானம் ஓட்டாதீங்கன்னு சொன்னேனே?"

"வேற வேலை தெரியாதே டாக்டர்."

"அடுத்து எப்போ மருந்தடிக்கணும்?"

"நாளைக்குக் காலையில. காத்து இருக்காதாம்."